வரிசை மாற்றப்பட்ட பூட்டு

எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டி, சன்னல் இல்லாத சிறிய சாமான் அறை ஒன்று உண்டு. அதன் கதவில் சாவி இல்லாத பூட்டு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. மின்சாரமோ மின்கலமோ அதற்குத் தேவையில்லை. உள்ளங்கை நீளமுள்ள இரும்புப் பெட்டி. அதன் மேல் இரு வரிசைகளாக எண் பொத்தான்கள். அடியில் ஒரு குமிழ். உரிய நான்கு பொத்தான்களை அமுக்கிவிட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். தவறாக அமுக்கினால் குமிழ் வெறுமனே சுற்றும். கதவைச் சாத்தியதும் அது தானாகவே பூட்டிக்கொள்ளும்.

இப்பூட்டு எவ்வளவு பாதுகாப்பானது என்னும் வினாவிற்கு எங்கள் குடும்பமே விடை தேடி அலைந்த காலத்தில், என் மாமனாரின் பார்வை பறிபோய்க்கொண்டிருந்தது.

மாமனார் பேருந்து ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருக்கு இரு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. இடக் கண்ணில் ஒன்றுமே தெரியாது. வலக் கண்ணில் எல்லாம் புகைக்குள் நிற்பன போலத் தெரியும். குவளைக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார். ஆணியில் தொங்கும் என் மழைச்சட்டையிடம், எப்போது வந்தாய் என்று அன்பாக விசாரிப்பார். அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பும் என்று கண் மருத்துவர் உறுதியளித்திருந்தார். ஆயினும் சர்க்கரை கட்டுக்குள் வந்தாலன்றிக் கத்தியைத் தொடுவதில்லை என்பதிலும் அவர் அதே அளவு உறுதியாக இருந்தார். இரண்டு முறை தேதி குறித்தார். இரண்டு முறையும் காலையில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு எங்களைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் முறை திருப்பி அனுப்பியபோது, வீட்டில் சமைப்பது யார் என்று வினவினார். நான்தான் என்றேன்.

"அப்போ நீங்கதாம்மா யோசிக்கணும். புரை கல்லு மாதிரி இறுகிக்கிட்டு வருது. அடுத்த தடவையும் இப்படியே வந்தீங்கன்னா, அப்புறம் நானே கையை விரிச்சிடுவேன்."

கூடத்தில் காத்திருந்தோர் அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். மாமனாருக்கு நான் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை ஊட்டுவது போன்ற பார்வை அது.

வீட்டில் இனிப்பே இல்லாமல் செய்துவிடலாமே என்று எவரும் கேட்கலாம். ஊசி போட்டுக்கொள்பவருக்குத் திடீரெனச் சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்கு இனிப்பு இருந்தே தீர வேண்டும். மேலும், பள்ளிக்குச் செல்லும் என் மகளுக்கு ஜாம் தடவாத ரொட்டி தொண்டையில் இறங்காது. ஆகவே ஜாம், பிஸ்கட், பேரீச்சம்பழம், சர்க்கரை ஆகிய யாவற்றையும் சாமான் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பூட்டை வாங்கிப் பொருத்தியவரே மாமனார்தாம். மாடியில் குடியிருந்தவர்கள் எங்கள் சமையலறை வழியாகப் போய்வந்த காலம் அது. எந்தச் சாவியையும் ஒரு வாரத்திற்குள் தொலைத்துவிடும் ஆற்றல் படைத்த அவர், சாவியே இல்லாத பூட்டைத் தேடிப் பிடித்து வந்தார். இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது என்று எண்ணும் அமைத்தார். ஆதலால் எண்ணை மாற்ற வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கருத்து வேறுபாடு இல்லாத இடங்களில்தான் நிபுணர் நுழைவது வழக்கம்.

நிபுணர் என்பவர் என் நாத்தனாரின் கணவர். அலுவலகங்களுக்குக் குளிரூட்டும் இயந்திரங்கள் விற்கும் நிறுவனமொன்றில் மேலாளர். நிபுணர் என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கியவர் என் நாத்தனாரே. தொடக்கத்தில் பெருமையாக வழங்கிய அப்பெயர், நாளடைவில் வேறு தொனியில் வழங்கலாயிற்று. எனினும் அவர் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளிகளுடன் வந்து பூட்டைக் கதவிலிருந்து கழற்றினார். பின்பக்கத் தகட்டை நீக்கியதும் உள்ளே சின்னஞ்சிறு வில்லைகள் தெரிந்தன. நான்கு மட்டும் சிவப்பு; ஏனையவை நீலம். சிவப்பு வில்லை எந்தப் பொத்தானின் அடியில் இருக்கிறதோ அதுவே திறக்கும் எண். புதிய எண்களாக எவற்றை வைக்கலாம் என்று என் கணவர் கேட்டார். நிபுணர் இரக்கத்துடன் சிரித்தார்.

"எல்லாருக்கும் மனப்பாடமான நாலு நம்பரை எதுக்குடா மாத்தணும்? வரிசையை மாத்தினா போதும். நாலு நம்பரை இருபத்துநாலு விதமா அடுக்கலாம். கண்ணு தெரியாத மனுஷன் அதுல எதைன்னு கண்டுபிடிப்பார்?"

அதன்படி சிவப்பு வில்லைகள் நான்கையும் இடுக்கியால் எடுத்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தார். நடுவே ஒரு சுருள்வில் துள்ளிக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் புகுந்தது. என் கணவர் தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து அதை மீட்டார். பூட்டை மீண்டும் பொருத்திக் கதவைச் சாத்திய நிபுணர், ஒன்பது, இரண்டு, ஏழு, நான்கு என்று அமுக்கிக் குமிழைத் திருகினார். கதவு திறந்தது. என் கணவர் கைதட்டினார். பழைய வரிசையைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. அது செத்துவிட்டதாகவே அனைவரும் கொண்டோம்.

புறப்படும்போது நாத்தனார் எங்களுக்கு ஒரு கட்டளை இட்டார். அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. தம்மிடமிருந்து பொருளைப் பூட்டி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் உடைந்து போவார் என்றார். எனவே மாமனார் சமையலறைப் பக்கம் வரும்போதெல்லாம் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்க்கலானோம்.

மூன்றாவது தேதி நெருங்கியது. ஜாம் குப்பியின் மட்டம் இறங்கியது. வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. கண்ணே தெரியாதவர் பொத்தான்களைத் தடவிப் புதிய வரிசையைக் கண்டுபிடித்திருக்க இயலாது. ஆகவே யாரோ அவருக்குத் திறந்துவிடுகிறார்கள் என்னும் முடிவுக்கு நாத்தனார் வந்தார்.

"நான் யாரையும் சொல்லலம்மா. கதவு தானாத் திறந்துக்காதுன்னு மட்டும் சொல்றேன்."

வீட்டில் நாள் முழுவதும் இருக்கும் யாரையும் அவர் சொல்லவில்லை. அவ்வாறு இருப்பவள் நான் ஒருத்திதான். என் கணவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை நீ மறந்துபோய்த் திறந்து வைத்திருப்பாயோ என்று மெல்லக் கேட்டார். அன்றிரவு அவருடைய தட்டை மேசையில் வைத்த ஓசை தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நிபுணர் மறுபடியும் வந்தார். இம்முறை நான்கு, ஒன்பது, இரண்டு, ஏழு. என் கணவர் இளகிய மனத்தினர் என்பதால் அவரிடம் வரிசை சொல்லப்படவில்லை. நிபுணருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மூன்றே நாளில் பிஸ்கட் பொட்டலம் ஒன்று கிழிந்திருந்தது. அவ்வளவுதான். என் மீதிருந்த ஐயம் தீர்ப்பாக மாறியது.

அடுத்து நேர்ந்ததை எண்ணினால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. நிபுணர் மூன்றாம் முறையும் வரிசையை மாற்றித் தாம் மட்டும் அதை வைத்துக்கொண்டார். நாள்தோறும் காலையில் வேலைக்குச் செல்லும் வழியில் எங்கள் வீட்டிற்கு வருவார். பொத்தான்களை முதுகால் மறைத்துக்கொண்டு கதவைத் திறப்பார். அன்றைக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளுமாறு என்னைப் பணிப்பார். நான் வெங்காயத்தையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். உப்பை மறந்தால் அன்று முழுவதும் உப்பில்லாச் சமையல்தான். மாமாவுக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு போன் போடும்மா. அரை மணி நேரத்துல வந்துட மாட்டேனா?"

அரை மணி நேரம் மயங்கிக் கிடக்குமாறு மாமாவிடம் சொல்லி வைக்கிறேன் என்று கூற வாயெடுத்தேன். கூறவில்லை. நான்கு மிட்டாய்களை என் கைப்பைக்குள் போட்டு வைத்துக்கொண்டேன்.

இத்தனை கட்டுக்காவலுக்குப் பின்னரும் ஜாம் குறைந்தது. இப்போது வரிசை தெரிந்தவர் ஒரே ஒருவர். என் நாத்தனார் தம் கணவரை மேலும் கீழும் பார்த்தார். தினமும் காலையில் வருகிறவர் நீங்கள்தானே, அப்பா மேல் பாவப்பட்டு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நிபுணரின் முகம் அப்போது அடைந்த நிறத்தைக் கண்டு நான் மகிழவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். அவ்விருவரும் ஒரே வண்டியில் ஏறி, ஒருவரோடொருவர் பேசாமல் வீடு திரும்பினர். கண்காணிப்புக் கேமரா ஒன்று வாங்கப் போவதாக மறுநாள் தகவல் வந்தது. அறுவை சிகிச்சைக்கோ ஒரு வாரம்கூட எஞ்சியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் நான் சமையலறைத் தரையில் அமர்ந்து, அடுப்பு மேடைக்குக் கீழே எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் சுவரைத் தடவியபடி வந்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய விரல்கள் பொத்தான் வரிசையின் உச்சியைத் தொட்டு, எண்ணியவாறே கீழிறங்கி, நான்கு இடங்களில் அமுக்கின. குமிழ் திரும்பியது. கதவு, எதுவும் நடவாதது போலத் திறந்துகொண்டது.

உள்ளே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அவர் அமர்ந்து, ஜாம் குப்பியைத் திறந்து, கரண்டியால் உண்ணத் தொடங்கினார். ஆசையாகத் தின்பவரின் முகமல்ல அது. கசப்பு மருந்தை மூச்சுப் பிடித்துக்கொண்டு விழுங்குபவரின் முகம்.

"மாமா."

கரண்டி நின்றது. "யாரு, நீயாம்மா? இங்கயா இருந்தே?"

"நம்பரை யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"எந்த நம்பர்?"

"இந்தப் பூட்டு நம்பர்."

"நல்ல கதையா இருக்கே. நான் போட்ட நம்பரை எனக்கு யாரு சொல்லணும்? ரெண்டு, நாலு, ஏழு, ஒன்பது."

"அதைத்தான் மூணு தடவை மாத்தியாச்சே!"

"மாத்தினீங்களா?" அவர் உண்மையாகவே வியந்தார். "மாப்பிள்ளை வந்து வந்து கழட்டினாரே, எண்ணெய் விடுறாருன்னுல்ல நினைச்சேன்?"

நான் எழுந்து சென்று கதவைச் சாத்தினேன். மாமனார் உள்ளேதான் இருந்தார். அதை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது. திறந்தது. மீண்டும் சாத்தினேன். ஒன்பது, இரண்டு, ஏழு, நான்கு. திறந்தது. நான்கு, ஒன்பது, இரண்டு, ஏழு. திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு மனம்போன போக்கில் அந்த நான்கையும் குத்தினேன். அதற்கும் திறந்தது. எந்தப் பொத்தான்கள் அமுங்கின என்பதை மட்டுமே அப்பூட்டு அறியும். முன்னது எது, பின்னது எது என்று அறியும் மூளை அதற்குள் இல்லை. இருபத்துநான்கு விதங்களும் அதற்கு ஒரே விதம். போதாக்குறைக்கு, அந்த நான்கு பொத்தான்களின் மேற்பூச்சு மட்டும் தேய்ந்து பளபளத்துக்கொண்டிருந்தது. வழிப்போக்கன் ஒருவனை அழைத்து வந்து நிறுத்தினாலும் அவன் எண்ணைப் படித்திருப்பான். நானோ உப்பில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தேன். பழைய எண்ணை ஒரே ஒருமுறை அமுக்கிப் பார்க்கும் எண்ணம் எனக்கும் தோன்றவில்லை. செல்லாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் முயன்று பார்க்காத வளர்ப்பு எனக்கு.

கோபம் முழுவதும் மாமனார் மீது திரும்பியது.

"தெரிஞ்சே எதுக்கு மாமா இதைத் தின்னுறீங்க? இந்தத் தடவையும் டாக்டர் திருப்பி அனுப்பினா கண்ணு அவ்வளவுதான்."

அவர் குப்பியின் மூடியைத் திருகினார். திருகு சரியாக விழவில்லை, மறுபடியும் திருகினார்.

"சர்க்கரை இருந்தா பண்ண மாட்டாங்கல்ல?" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பரிசோதனைத் தேதி நெருங்கும் நாள்களில் மட்டுமே அவர் அந்த அறைக்குள் வந்திருக்கிறார். ஏனைய நாள்களில் ஜாம் என்றாலே அவருக்குக் குமட்டும். பணிமனையில் அவருடன் வண்டி ஓட்டிய சுருட்டு என்னும் பட்டப்பெயருடைய நண்பர் ஒருவருக்கு, இதே சிகிச்சை செய்துகொண்ட பின் கண்ணில் சீழ் பிடித்து, கடைசியில் அந்தக் கண்ணையே எடுக்க நேர்ந்ததாம். அவரைப் பார்க்கச் சென்ற நாளை மாமனார் தணிந்த குரலில் விவரித்தார்.

"எனக்கு மங்கலாவது தெரியுதும்மா. ஆளு வந்தா நிழல் தெரியுது. அதையும் பிடுங்கிட்டாங்கன்னா?"

"இதை ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? நான் வந்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடுறீங்க."

தம் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே, ஊரைக் கூட்டிவிடுவாள் என்று அவர் கெஞ்சினார். சரி என்றேன்.

மாலையில் அனைவரையும் வரவழைத்துப் பூட்டைத் திறந்து காட்டினேன். மாமா பழைய எண்ணைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தார் என்றேன்; ஏன் என்பதைக் கூறவில்லை. நிபுணர் என்னை விலக்கிவிட்டுத் தாமே அமுக்கிப் பார்த்தார். எல்லா வரிசைக்கும் திறந்தது. நீண்ட நேரம் பூட்டை உற்று நோக்கியபின், இது தயாரிப்பில் உள்ள குறை என்று அறிவித்தார். ஒரு மன்னிப்பு வரும் என்று நான் நாத்தனாரைப் பார்த்தேன்.

"அப்போ கதவு தானாத்தான் திறந்திருக்கு," என்றார் அவர்.

சிவப்பு வில்லைகளை வேறு பொத்தான்களின் அடியில் வைக்குமாறு நிபுணரைப் பணித்தேன். ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு. புதிய எண்ணுக்குக் கதவு திறந்ததும் அவர் திருப்புளியைப் பைக்குள் போட்டார். நான் அவரை நிறுத்தி, பழைய எண்ணை எல்லார் முன்னிலையிலும் அமுக்கினேன். குமிழ் வெறுமனே சுற்றியது.

மறுநாள் மாமனார் அக்கதவின் முன் நின்றுகொண்டிருந்தார். நான்கு பொத்தான்களை அமுக்கித் திருகினார். திறக்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அமுக்கினார். நெரிசலான சாலைகளில் ஒரு பேருந்து நிறைய மக்களை ஏற்றிச் சென்ற மனிதர், தம் வீட்டில் தாம் பொருத்திய பூட்டின் முன், விடை தெரியாத மாணவனைப் போல நின்றார்.

"மாமா, இப்போ நிஜமாவே மாத்தியாச்சு."

"சரிம்மா," என்று கூறிவிட்டுத் திரும்பினார். சண்டை பிடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"முதல்ல இடது கண்ணு மட்டும்தான் மாமா பண்ணுவாங்க. ரெண்டையும் ஒண்ணாத் தொட மாட்டாங்க. அந்தக் கண்ணுல இப்போ என்ன தெரியுது உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியல."

"அப்புறம் அதுல பிடுங்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் இடக் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இடக் கண்தான் முதலில் என்பதை அவரிடம் இதுவரை எவருமே சொல்லியிருக்கவில்லை. மருத்துவர் எங்களிடம் கூறினார். நாங்கள் எங்களுக்குள் கூறிக்கொண்டோம்.

"ஒண்ணு, மூணு, அஞ்சு, எட்டு," என்றேன். "எப்படி வேணா அமுக்குங்க, திறக்கும்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"உங்க கண்ணு மாமா. திறக்கிறதும் திறக்காததும் உங்க இஷ்டம். இனிமே காவல் காக்க எனக்குத் தெம்பு இல்ல."

அதன்பின் ஜாம் குப்பியை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. சிகிச்சை நாளன்று காலையில் செவிலியர் அவருடைய விரலில் குத்தியபோது நான் சுவரில் ஒட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, உள்ளே அழைத்து வாருங்கள் என்று செவிலியர் கூறியது கேட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்தனர். மாமனார் சிறிது நேரம் இமைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தம் மகளை நோக்கினார்.

"உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

நாத்தனார் அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். அதன்பின் என் பக்கம் திரும்பி, பூட்டை முதலிலேயே ஒழுங்காக மாற்றியிருந்தால் அப்பாவுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது என்றார். அடுத்த படுக்கையில் இருந்தவரின் மகனிடம் நிபுணர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தகைய பூட்டுகளில் வரிசையை மாற்றிப் பயனில்லை, எண்களையே மாற்ற வேண்டும், நிறையப் பேருக்கு இந்த அடிப்படை தெரிவதில்லை என்று விளக்கினார். அம்மனிதர் மரியாதையுடன் தலையாட்டினார்.

"மாப்பிள்ளை பூட்டினா பூட்டினதுதான்," என்றார் மாமனார் உரக்க. கூறும்போது அவர் நிபுணரைப் பார்க்கவில்லை. புதிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முன்னால் வாயைத் திறந்துவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் பற்களைக் கடித்துக்கொண்டேன்.

நிபுணர் என்னைத் தனியே அழைத்தார். வலக் கண்ணுக்குத் தேதி குறிப்பதற்குள் எண்ணை மறுபடியும் மாற்றிவிட வேண்டும், மாமாவுக்கு ஏதாவது சந்தேகம் வந்திருக்கும், வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இந்த முறையும் யாரிடமும் மூச்சு விடாதே என்றார்.

"சரிங்கண்ணா," என்றேன்.